புறக்கடை மண்ணுக்குப் பயந்த வருடம்

நாங்கள் வாங்கிய மனையில் மண்ணே இல்லை. ராசிபுரத்துக்கு வெளியே மரவள்ளிக் காடாக இருந்த நிலம் அது. மனைப்பிரிவு போட்டவர்கள் மேல்மண்ணைப் பொக்லைனால் வழித்துக் கொண்டுபோய்விட்டு, அந்தப் பள்ளத்தில் சரளையையும் இடித்த கட்டடக் கழிவையும் கொட்டி மட்டம் செய்திருந்தார்கள். வீடு கட்டும்போது எங்கள் கொத்தனார்களும் கலவை குழப்பிய மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். பால் காய்ச்சிக் குடிவந்த வாரத்தில் என் மனைவி புறக்கடையில் கடப்பாரையைப் போட்டாள். பொறி பறந்தது. கடப்பாரையை நழுவவிட்டு, உள்ளங்கையை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“இதுல ஒரு கீரை மொளைக்கோணும்னாக்கூட சாமிகிட்ட உத்தரவு வாங்கோணும் போல இருக்குதுங்க.”

ஆனாலும் விடவில்லை. அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருப்பவளுக்கு, மெஷினை மூடி வைத்துவிட்டுச் சாயங்காலம் நிமிர்ந்து நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது. நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தேன். மகளைச் சேலத்துக்குக் கிழக்கே, அயோத்தியாப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

அவளுக்குச் சர்க்கரை இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே வந்துவிட்டது. அவளுடைய அண்ணனுக்கும் சர்க்கரைதான். காட்டில் காலில் ஏறிய ஒரு முள்ளை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து என் மனைவியின் பாதங்கள் எனக்குத் தீராத பயம். அவள் புறக்கடையில் இறங்கிய ஒவ்வொரு நாளும், கைகால் கழுவி வந்ததும் கட்டிலில் உட்கார வைத்து இரண்டு பாதங்களையும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். கண்ணாடிச் சில்லு, ஆணி, கட்டுக்கம்பி, அந்த மனையில் எதுதான் இல்லை?

“கொழந்தைக்குப் பாக்கற மாதிரி பாக்கறீங்க,” என்பாள். கூச்சத்தில் விரல்களை மடக்கிக்கொள்வாள்.

ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். படிக்கட்டு வரை போட்டுக்கொண்டு போவாள். அங்கே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குவாள். செருப்புப் போட்டால் மண் இளகுகிறதா இறுகுகிறதா என்று காலுக்குத் தெரியவில்லையாம்.

வண்டியில் நல்ல மண் வாங்கிக் கொட்டிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “வாங்கற மண்ணும் எங்கியோ ஒருத்தரு காட்டுல வழிச்சதுதானுங்களே,” என்றாள். அவளுக்கு இந்த இடத்திலேயே மண்ணை உண்டாக்க வேண்டும். முதல் வருடம் முழுக்கக் கல் பொறுக்கினோம். பிறகு ஒரு பக்கமாகக் குழிகள் எடுத்து, காய்ந்த இலை, தேங்காய் மட்டை, சமையல் கழிவு, தையலில் மிஞ்சும் பருத்தித் துண்டுகள் என்று போட்டு மூடினோம். பக்கத்திலிருந்த ஜவ்வரிசி மில்லில் மரவள்ளித் திப்பி மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. சாறு பிழிந்தெடுத்த சக்கை அது. சாணத்தோடு சேர்த்துக் குவித்தபோது தெருவே புளித்து நாறியது. நாமக்கல்லிலிருந்து நான் கோழி எரு கொண்டுவந்தேன். பண்ணையிலிருந்து வந்த சூட்டோடு போட்டதில் மிளகாய் நாற்று அத்தனையும் கருகிப்போனது. அடுத்த முறை இலைச்சருகோடு கலந்து மாதக்கணக்கில் மக்க வைத்து, சூடு அடங்கிய பிறகே போட்டோம். பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்து, அது மஞ்சளாகப் பூ வைக்கிற நேரத்தில் அப்படியே வெட்டி மண்ணோடு புரட்டினோம். எனக்கு அதற்கு மனசே வரவில்லை. அவ்வளவு அழகாகப் பூத்திருந்தது. கோடையில் ஏரி வற்றியபோது ஒரு டிராக்டர் வண்டல் வந்து இறங்கியது. அதன் மேல் கடலைத்தோலையும் கரும்புச் சோகை என்கிற காய்ந்த தோகையையும் பரப்பி, வெயில் தரையைத் தொடாதபடி மூடாக்குப் போட்டோம்.

ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து கேட்டைத் திறக்கிறேன், பின்னாலிருந்து கூப்பிட்டாள். குரலில் அப்படி ஓர் அவசரம். பாம்பு என்று நினைத்து, கையில் கிடைத்த கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் சோகையை விலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே, கறுத்து ஈரமாகக் கிடந்த மண்ணில், இரண்டு மண்புழுக்கள்.

“நாம கொண்டாந்து உடவே இல்லீங்களே. தானா வந்திருக்குதுங்க,” என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஈரத்தில் மண்புழு மட்டும்தான் வருமா என்றும் தோன்றியது. அதே வாரத்தில் மூடாக்குக்கு அடியில் ஒரு தேளை அடித்தேன். பிறகு ஒரு கட்டுவிரியன் குட்டி. உயிரில்லாத சரளையாக இருந்தவரை அந்த இடத்தைக் கண்டு எனக்கு அவ்வளவு பயம் இருந்ததில்லை. அதில் உயிர் வர வர, டார்ச் அடித்துப் பார்க்கும் நேரமும் கூடிக்கொண்டே போனது. தேள், பாம்பு, முள். நான் காவல் காத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவற்றுக்கு எதிராகத்தான்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. புறக்கடையின் தாழ்ந்த மூலையில் இருந்த எருக்குவியலில் தண்ணீர் நின்றுவிட்டது. காற்றுப் போகாமல் அழுகினால் உரம் ஆகாது, விஷமாகிவிடும் என்று மனைவி பரபரத்தாள். ஞாயிற்றுக்கிழமை, தூறல் நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கணுக்கால் சேற்றில் இறங்கி, மண்வெட்டியாலும் பிறகு வெறுங்கையாலும் குவியலைக் கிளறி மேட்டுப் பக்கம் மாற்றினாள். நான் கூடையில் வாங்கி வாங்கிக் கொட்டினேன். நானும் அதே சேற்றில்தான் நின்றேன். இதை நான் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அவள் பாதத்தில் எதுவும் இல்லை. குதிகாலில் எப்போதும் இருக்கிற பித்தவெடிப்பு மட்டும்.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. மழைக்காலக் காய்ச்சல் என்று ராசிபுரத்தில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். காலையில் விட்டுவிடும். மத்தியானம் வரை மெஷினில் உட்கார்ந்து தைப்பாள். நாலு மணி சுமாருக்குக் கை நடுங்க ஆரம்பிக்கும். ஊசியில் நூல் கோக்க முடியாமல் என்னிடம் நீட்டுவாள். டைபாய்டாக இருக்கலாம் என்று வேறு மாத்திரை மாற்றினார்கள். விட்டது போல இருந்து மறுபடி வந்தது. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. இருமல் சேர்ந்தது. இடுப்புச் சேலை நிற்காமல் நழுவ, ஊக்கு குத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் ஒரு பக்கம் வெள்ளையாக மூட்டம் தெரிந்தது. டிபியாக இருக்கும் என்றார்கள். சளியைச் சோதித்ததில் இல்லை என்று வந்தது. இல்லையென்றாலும் டிபிதான் என்று ஒருவர் சொன்னார். பொறுத்துப் பார்க்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். பெயர் தெரியாத நோய் எப்படிப்பட்டது என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். பெயர் இருந்தால் அதைத் திட்டலாம், கோயிலில் அதைச் சொல்லி வேண்டிக்கொள்ளலாம். நான் மாரியம்மன் சன்னதியில் நின்று, என்னவென்று வேண்டுவது எனத் தெரியாமல் கையைக் கூப்பிக்கொண்டே நின்றேன்.

ஒரு காலையில் அவள் சமையல்கட்டில் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னவென்று கேட்டேன். ஒரு வார்த்தை சொல்ல இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

“மூச்சு... பத்த மாட்டேங்குதுங்க.”

மகளுக்குப் போன் போட்டேன். அவள் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அதன் வாசலில் எங்களுக்காக வந்து நின்றாள். காரில் மல்லூர் தாண்டும்போது மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று குனிந்தேன். சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். பொத்தான் ஒன்று அறுந்து சீட்டுக்கு அடியில் உருண்டது.

ஐசியூவுக்குள் கொண்டுபோனார்கள். ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்திருக்கிறோம், அது வளர்ந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். கிருமி வளர்வதற்காக நாங்கள் காத்திருந்தோம். ஸ்கேனில் ஈரலிலும் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் இருப்பது தெரிந்தது. மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் சொல்ல வேண்டியதை அவள் சொன்னாள்.

பிறகு ஒரு பெண் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் இருந்த தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அவங்க மண்ணுல வேலை செய்வாங்களா? விவசாயமா?”

பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். “இல்லீங்க. தையல் வேலைங்க. ஊட்டுக்குப் பின்னால தோட்டம் வெச்சிருக்கறமுங்க.”

“சமீபத்துல மழைத் தண்ணியில, சேத்துல இறங்குனாங்களா?”

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மண்ணில் வாழ்கிற ஒரு கிருமி என்றார். சில இடங்களில் ஈர மண்ணிலும் தேங்கின தண்ணீரிலும் இருக்குமாம். மழைக்காலத்தில் மேலே வருமாம். நல்ல உடம்பில் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, சர்க்கரை இருக்கிறவர்களைத்தான் பிடிக்கும், பார்வைக்கு டிபி மாதிரியே இருக்கும் என்றார். நோயின் பெயரையும் சொன்னார். நீளமான பெயர். மகள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு நாக்கில் ஏறவில்லை. ‘மண்’ என்ற வார்த்தை மட்டும் காதில் நின்றது.

“நாங்க போட்ட எருவுலயிருந்து வந்துதுங்களா? கோழி எருவுலயா? ஏரி வண்டல்லயா?”

“அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க. நீங்க எதுவும் போடறதுக்கு முன்னாடியே அங்க இருந்திருக்கலாம். காலு வெடிப்பு வழியாப் போயிருக்கலாம். மழைக்காத்துல மூச்சு வழியாவும் போயிருக்கலாம்.”

“அதைக் கொல்றதுக்கு மண்ணுல என்ன மருந்து ஊத்தோணும்?”

“தோட்டத்தைக் கொதிக்க வைக்க முடியாதில்லைங்களா,” என்றார் அமைதியாக. “சரியான மருந்து ஆரம்பிச்சிட்டோம். வாரக்கணக்குல நரம்புல ஏத்தணும். அப்புறம் மாசக்கணக்குல மாத்திரை. தாமதமா வந்திருக்கீங்க. ஆனா வந்துட்டீங்க.”

பிழைப்பாளா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வெயில் அடித்தது. பின்கதவைத் திறக்கக் கை போகவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். எங்கள் தோட்டம் அந்த மாதிரி ஒருபோதும் இருந்ததில்லை. அவரைக்கொடி பந்தல் தாங்காமல் காய்த்துத் தொங்கியது. கத்தரிக்காய்கள் பறிக்க ஆளில்லாமல் முற்றிப் பழுத்திருந்தன. சிறுகீரை பாதையெல்லாம் முளைத்திருந்தது. கடப்பாரை இறங்காத இடத்தில் இப்போது வெறும் விரலே இறங்கும். மூடாக்கின் மேல் வெயில் பட்டு மெல்ல ஆவி கிளம்பியது. அந்தத் தரை மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக் கிடக்கிறாள். நான் ஜன்னலை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றார். “அக்காவுக்கு எப்படிங்க இருக்குது?” என்று கேட்டுவிட்டு, தயங்கி, “அவரைக்காயெல்லாம் முத்திப் போவுதுங்க. பறிச்சுக்கட்டுங்களா? வேணும்னா ஆஸ்பத்திரிக்குக் கொழம்பு வெச்சுக் குடுத்து உடறனுங்க,” என்றார்.

“வேண்டாமுங்க. மருந்து அடிச்சிருக்குது,” என்றேன்.

ஒரு சொட்டு மருந்துகூட விழாத தோட்டம் என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மருந்து வேலை செய்தது. முதலில் காய்ச்சல் இறங்கியது, பிறகு மூச்சு. ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். அவள் ஒரு நாள் இட்லி கேட்டாள். மகள் வெளியே ஓடிப்போய் வாங்கி வந்தாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். இனிமேல் பயம் குறைய வேண்டும். ஆனால் எனக்குக் கூடியது. அவள் வீட்டுக்கு வரப்போகிறாள், வந்தால் புறக்கடையில் அது இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்க்க முடியாதது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அதுதான் நினைப்பு. நான் மூட்டையில் தூக்கி வந்த கோழி எரு, நான் டிராக்டர் பேசி இறக்கிய வண்டல். ஒவ்வொன்றாக எடுத்து, இதுவா, இதுவா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் காலணியில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணைக்கூட ஒரு நாள் குழாயடியில் உட்கார்ந்து குச்சியால் நோண்டி எடுத்தேன்.

ஒரு முடிவுக்கு வந்தேன். அவளிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனாரை வரச் சொன்னேன். புறக்கடை முழுவதும் கான்கிரீட் போட வேண்டும்.

அவர் பின்பக்கம் போய் நின்று பார்த்தார். நான் படியிலேயே நின்றேன்.

“முழுசுமாங்க?”

“முழுசும்.”

“செடி கொடியெல்லாம் இவ்வளவு நல்லா வந்திருக்குதுங்களே. ஓரமா ஒரு பாத்தியாச்சும் உட்டுறலாமுங்களே?”

“ஒரு கைப்பிடி மண்ணு வெளிய தெரியக்கூடாதுங்க.”

ஜல்லியும் எம்சாண்டும் சிமெண்டும் வீட்டு முன்னால் வந்து இறங்கின. அவள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கொத்தனாருக்கு ஆட்டையாம்பட்டியில் வேறொரு வேலை இழுத்துவிட்டது. அதற்குள் டாக்டர், மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிடலாம், கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்.

காரிலிருந்து மனைவி, மகள் கையைப் பிடித்து இறங்கினாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கேட்டருகே ஜல்லிக் குவியலைப் பார்த்து நின்றாள்.

“இது எதுக்குங்க?”

“உள்ள வா, அம்மிணி. வெயிலு.”

“எதுக்குங்கன்னு கேட்டேன்.”

சொன்னேன். மகள்தான் முதலில் பேசினாள். “நல்லதுப்பா, மூடிடுங்க. இனிமே அம்மா அந்தப் பக்கமே போகக்கூடாது.” என் மனைவி செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் நடந்து, நேராகப் பின்கதவை நோக்கிப் போனாள். நான் குறுக்கே போய்க் கையை நீட்டி மறித்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை நான் அப்படி மறித்ததில்லை.

“கெளறப் போகலீங்க. பாக்கறேன்.”

கதவைத் திறந்துவிட்டேன். அவள் படியைத் தாண்டவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, நீண்ட நேரம் நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அல்லது சண்டை போடுவாள் என்று. இரண்டும் இல்லை.

“எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்க,” என்றாள். “அங்க படுத்துக் கெடக்கறப்பவெல்லாம் ஒரே கெனவு. வாயி நெறைய மண்ணு. துப்பத் துப்ப வருது. கூப்படலாம்னா சத்தம் வர மாட்டேங்குது.”

அவள் இதை எங்களிடம் சொல்லவே இல்லை. வார்டில் நாங்கள் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் சிரித்த முகமாகவே இருந்தாள்.

“அதனாலதான் மூடறேங்கறேன்.”

“மூடிட்டா போயிருமுங்களா? அடியில கெடக்குதுன்னு நெனச்சுட்டே தெனமும் அதுமேல நடக்கோணும். துணி காயப்போடோணும். எனக்கு அது ஆகாதுங்க. கண்ணுக்கு முன்னாடி இருந்தா, இது இன்னிக்கு ஈரமா இருக்குது, கிட்டப் போகக்கூடாது, இன்னிக்குக் காஞ்சிருக்குது, பூட்ஸு போட்டுட்டுப் போலாம்னு தெரியும். மூடிட்டா ஒண்ணுமே தெரியாது.”

“நீ இனிமே அதுல எறங்கவே கூடாது.”

“எறங்கலீங்க. நீங்க எறங்குங்க.”

மகள் சத்தம் போட்டாள். அப்பாவுக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அன்றைக்கு மத்தியானம் முழுக்க மூன்று பேரும் பேசினோம், கத்தினோம், சாப்பாடு ஆறிப்போனது. டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டோம். அவர் சொன்னது புதிதாக ஒன்றுமில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், புண்ணை மூடுங்கள், மழையிலும் சேற்றிலும் வேண்டாம், உறை போடாமல் கையை வைக்க வேண்டாம், காயைக் கழுவிச் சமைத்துச் சாப்பிடுங்கள், உலகத்தில் உள்ள மண்ணையெல்லாம் மூட முடியாது. கடைசியில், பின்படியிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும், துணிக்கொடி வரைக்கும் கான்கிரீட். தண்ணீர் நின்ற அந்தத் தாழ்ந்த மூலையை மேடாக்கி, மழைநீர் தெருவுக்கு ஓட ஒரு வாய்க்கால். மற்ற இடம் மண்ணாகவே இருக்கட்டும் என்று முடிவானது. மிச்ச ஜல்லியைக் கொத்தனார் திருப்பி எடுத்துக்கொண்டார்.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் கனமான கையுறையும் போட்டுக்கொண்டு நான் முதன்முதலாக இறங்கிய நாளை எப்படிச் சொல்வது? தைப்பொங்கல் கழிந்து தரை நன்றாகக் காய்ந்திருந்தது. முகத்துக்கு மாஸ்க் வேறு. அவள் கான்கிரீட் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். முற்றிப்போன அவரைக்கொடியை அறுத்து அங்கேயே போடுங்க. வேரைப் பிடுங்காதீங்க, வேரு உள்ளயே மக்கட்டும். நான் மண்ணைத் தொட்டதும் கை தானாகப் பின்னால் வந்தது. கையுறைக்குள் விரலெல்லாம் வியர்த்தது. அவள் பார்த்துவிட்டாள். வானத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குனிந்தேன்.

மாதக்கணக்கில் மாத்திரை. அது வாயைக் குமட்டும், சாப்பாட்டைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவாள். ஒருவேளைகூட விடக்கூடாது, விட்டால் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ‘திரும்பி வரும்’ என்ற அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது. மாத்திரை முடிந்து, ஸ்கேனில் ஈரல் சுத்தமாக இருக்கிறது என்று பார்த்த பிறகும் அது போகவில்லை.

அடுத்த ஐப்பசி வந்தது. மழை வந்தது. அவள் வாசற்படிகூடத் தாண்டவில்லை. அப்படியும் ஒரு நாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது மெஷின் ஓடும் சத்தம் கேட்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவளே எழுந்து பையில் சேலை, துண்டு, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது என்று கார் பிடித்தேன். சேலம் போய்ச் சேரும் வரை அவள் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் டிரைவரிடம் தேவையில்லாமல் எதையெதையோ பேசிக்கொண்டு வந்தேன்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடி, வளர்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். உடம்பு அவ்வளவு மோசமில்லை, வீட்டில் இருக்கலாம் என்று அனுப்பினார்கள். அந்த நாட்களில் நான் வேலைக்குப் போகவில்லை. அவள் ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தைத்ததைப் பிரிப்பதும் பிரித்ததைத் தைப்பதுமாக இருந்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் மெஷின் நிற்கும். கேஸ் கம்பெனியா, மகளா என்று தெரிந்த பிறகுதான் மறுபடி ஓடும்.

கடைசியில் அந்த டாக்டரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“எதுவும் வளரலைங்க. இது வேற. ஊரெல்லாம் இருக்கிற சாதாரணக் காய்ச்சல்தான். பயப்பட வேண்டாம்.”

அவ்வளவு பெரிய நோயில் கிடந்தபோது அழாதவள், அப்போது கையில் இருந்த ஜாக்கெட்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பட்டுத்துணி, கறை பட்டுவிடும் என்று நான் சொன்னேன். அந்த நேரத்தில் அதைத்தான் சொல்ல வந்தது எனக்கு.

சாயங்காலம் வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. புறக்கடையில் புதிதாகப் போட்ட பாத்திகளுக்கு மூடாக்குப் போடாமல் வைத்திருந்தோம். அப்படியே விட்டால் கொட்டுகிற மழையில் மேல்மண் அத்தனையும் கரைந்து வாய்க்காலில் போய்விடும். பூட்ஸை மாட்டினேன், கையுறை போட்டேன், சோகைக் கட்டைப் பிரித்து முதல் பாத்தியில் பரப்ப ஆரம்பித்தேன். அவள் சமையல்கட்டு ஜன்னலில் வந்து நின்றாள். இடது ஓரம் இன்னும் கொஞ்சம் கனமாகப் போடச் சொன்னாள். போட்டேன். இரண்டாவது பாத்திக்கு வரும்போது பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது. சோகையின் மேல் படபடவென்று சத்தம்.

“போதுமுங்க. உள்ள வாங்க.”

“இந்த ஒரு பாத்தி மட்டும் முடிச்சுட்டு வாரேன்.”

“மண்ணு போனாப் போகட்டுமுங்க. வாங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மிச்சச் சோகையை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே போனேன்.